டிஸ்க்கில் பழுதில்லை

பெண்டிரைவ் வாங்கினால் முதலில் தொலைவது அதன் மூடிதான். உங்கள் மேசையில் கிடக்கிறதே, அதற்கும் மூடி இல்லை, பார்த்தீர்களா மேடம்? யாரும் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். என்னிடம் இருந்த பதினொரு பெண்டிரைவுக்கும் மூடி பத்திரமாக இருந்தது. பன்னிரண்டாவதுக்குத்தான் தொலைந்தது. இந்தத் தகர டப்பாவுக்குள் இருப்பது அந்தப் பன்னிரண்டாவது.

நான் சொல்லச் சொல்ல ஏட்டு தட்டச்சு செய்யட்டும், வேகமாகப் பேச மாட்டேன். நடுவில் எழுந்து நின்றால் மட்டும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே இடத்தில் உட்கார எனக்கு இருப்புக் கொள்ளாது. ஓடிப்போகிற எண்ணமெல்லாம் இல்லை. நானாகத்தானே வந்தேன்.

பெயர் தமிழரசன். வயது நாற்பத்து மூன்று. ஊர் கீழச்சேந்தங்குடி, திருத்துறைப்பூண்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிஷம். சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். ராத்திரி பகலாகச் சர்வர்களைப் பார்த்துக்கொண்டேன், என்னை யாரும் பார்க்கவில்லை. அப்பாவுக்கு முடியாமல் போனதும் ஊருக்கு வந்து நிலத்தைக் கவனித்துக்கொண்டேன். அதோடு எங்கள் விவசாயிகள் சங்கத்துக் கம்ப்யூட்டரையும்.

எங்கள் ஊர் கடைமடை. அணை திறந்தால் தண்ணீர் கடைசியாக எங்களுக்கு வரும். மழை பெய்தால் எல்லோருடைய தண்ணீரும் எங்களுக்குத்தான் வரும். ஐப்பசியில் சேந்தன் வடிகால் நிரம்பும்போது ஆகாயத்தாமரை மிதந்து வந்து கீழ்ப்பாலத்தின் கண்களில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் நட்டு இருபது நாளான சம்பா முழுகிப்போகும். அதனால் ஆட்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கித் தாமரையை அரிவாளால் அறுத்து இழுத்துக் கரையில் போடுவார்கள். இந்த வேலையில் ஆபத்து ஒன்றே ஒன்றுதான். நான்கு கிலோமீட்டர் மேலே இருக்கிற மதகு ஷட்டரைத் தூக்கினால் நாற்பது நிமிஷத்தில் வெள்ளம் பாலத்துக்கு வந்துவிடும். தண்ணீருக்குள் நின்று குனிந்து அறுக்கிறவனுக்கு அது வருவது தெரியாது.

முன்பெல்லாம் அந்த மேல் ஷட்டரைத் திறந்து மூடுகிற லஸ்கர் அஹமது கபீர் தூக்கும்போதே நான்கு பேருக்குப் போன் போடுவார். அவர்களில் யாராவது வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் நின்று கத்துவார்கள். அது போதாது என்று, சிங்கப்பூரில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பி ஒரு கருவி வாங்கினோம். மேல் ஷட்டரில் ஒரு உணர்கருவி, சங்க ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர், கீழ்ப்பாலத்தில் ஒரு சைரன். சைரனை ஊரில் சங்கு என்போம். தண்ணீர் ஏறினால் கம்ப்யூட்டர் தானாகச் சங்கை ஊதவிடும். அதில் லினக்ஸ் போட்டு, நிரல் எழுதி, எல்லாவற்றையும் ஒழுங்காக ஓடவிட்டவன் நான். ஓடத் தொடங்கியதும் கபீரண்ணனிடம் போய், "இனிமே யாருக்கும் போன் போட வேணாம்ண்ணே, பொட்டி பாத்துக்கும்" என்று சொன்னவனும் நான்தான். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பழக்கத்தை விட முடியாமல் எனக்கு மட்டும் போடுவார்.

இந்த டப்பாவுக்குள் இருக்கிற எமர்ஜென்சி டிஸ்க் என்றால் என்ன என்று கேட்டீர்கள். ஒரு கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அது தன் வட்டின் முதல் துளியைப் படிக்கும். நான் யார், எங்கே இருக்கிறேன், எதை எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் அந்தத் துளியில்தான் இருக்கிறது. அது அழிந்தால் உள்ளே எல்லாம் பத்திரமாக இருந்தும் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. அப்போது வெளியிலிருந்து ஒரு டிஸ்க்கைச் செருகி, அதிலிருக்கிற சின்ன லினக்ஸை எழுப்பி, அதன் வழியாக உள்ளே போய், அழிந்ததைத் திரும்ப எழுத வேண்டும். நான் படித்த காலத்தில் பிளாப்பியில் செய்வோம். இப்போது பெண்டிரைவ். வாய் மட்டும் டிஸ்க் என்றே சொல்கிறது.

மாதம் ஒன்றாம் தேதி காலையில் டிஸ்க்கைப் புதிதாகச் செய்வேன். சங்கத்துக் கம்ப்யூட்டரில் எந்த கெர்னலோ, அதாவது லினக்ஸின் மூலக்கருவோ, அதே கெர்னல் இதிலும் இருக்க வேண்டும். அதை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகி எழுப்பிப் பார்த்து, எழுந்ததும் தேதியை டப்பா மேல் எழுதுவேன். பலபேர் டிஸ்க் செய்வார்கள், சோதிக்க மாட்டார்கள். சோதிக்காத டிஸ்க் வெறும் பிளாஸ்டிக்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், இடி இடித்துக் கம்ப்யூட்டர் செத்துவிட்டது. ஆபீசில் கூட்டம் கூடிவிட்டது. நான் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்தேன். பன்னிரண்டு நிமிஷம். திரையில் எழுத்து ஓட ஓட ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். கடைசியில் பாலத்தில் சங்கைச் சோதனைக்கு ஊதவிட்டபோது கை தட்டினார்கள். சங்கத் தலைவர் துரைராசு, எண்பது ஏக்கர்க்காரர், யாரையும் லேசில் பாராட்டாதவர், எனக்குப் பொன்னாடை போர்த்தினார். தாமரை அறுக்கிறவர்களில் மூத்தவரான சிங்காரவேலு அண்ணன் அன்றிலிருந்து என்னைப் 'பொட்டி டாக்டர்' என்றுதான் கூப்பிட்டார். "ஒன் பொட்டி ஊதலன்னா நாங்க மீனுக்குத் தீனிதான் டாக்டரே" என்பார். வீட்டில் என் மனைவி வானதி அன்றைக்குக் குழம்பின் நடுத்துண்டு மீனை என் தட்டில் வைத்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு நானூற்றுப் பதினோரு நாள் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் சரியாக அமைத்ததன் பலன் அது. ஆனால் நிற்காத ஒன்றைப் பற்றி யார் பேசுவார்கள்? டீக்கடையில் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தவர்கள் பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை. "தமிழு, அந்த டப்பாவ ஏன் இன்னும் தூக்கிக்கிட்டுத் திரியிற?" என்று வானதியே கேட்டாள். வரப்பில் நடந்தாலும், சாப்பிட உட்கார்ந்தாலும், பைக்குள் டப்பா இருக்கிறதா என்று கை தானாகப் போகும். காலையில் ஆபீசுக்குப் போய் எத்தனை நாளாக ஓடுகிறது என்று பார்ப்பேன். ஒரு நாள் கூடியிருக்கும். இன்றைக்கும் நிற்கவில்லையா என்று டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

நானூற்றுப் பன்னிரண்டாவது நாள் நானே அந்த முதல் துளியை அழித்தேன்.

கவனமாகத்தான் செய்தேன். நானூற்று நாற்பத்தாறு பைட் மட்டும். ஐந்நூற்றுப் பன்னிரண்டையும் அழித்தால் வட்டின் பாகப்பிரிவினை அட்டவணையும் சேர்ந்து போய்விடும், மீட்பது கஷ்டம். அப்படிக் கண்மூடித்தனமாகச் செய்கிறவன் நான் இல்லை. வெயில் காலம், வடிகால் காய்ந்து கிடந்தது, யாரும் இறங்கியிருக்கவில்லை. கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தேன், எழவில்லை, ஆட்களைக் கூப்பிட்டேன், பதினோரு நிமிஷத்தில் எழுப்பினேன். சிங்காரவேலு அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷம் ஆடியில் இன்னொரு தடவை. அப்போது ஒன்பது நிமிஷம். ஆக, முதலில் நின்றது இடியால். மற்ற மூன்றும் என்னால். மூன்றாவதைத்தான் நீங்கள் விசாரித்து விபத்து என்று மூடிவிட்டீர்கள்.

அதற்கு வருகிறேன்.

இந்த வருஷம் ஆவணியில், கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. அந்தக் கம்பெனி இஞ்சினியர் ஷைலஜா வந்து பார்த்தார். மரியாதையான பெண், முப்பது வயது இருக்கும். என் டப்பாவைத் திறந்து காட்டினேன். சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் இப்ப யாரும் யூஸ் பண்றதில்ல சார்" என்றார். அன்றைக்குத்தான் மூடி தொலைந்தது. அவர் கையில் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததில் எங்கோ விழுந்திருக்க வேண்டும். மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினேன், கிடைக்கவில்லை.

ஆயுத பூஜை இந்த வருஷம் அக்டோபர் ஒன்றாம் தேதியே வந்தது. காலையில் வழக்கம்போல டிஸ்க்கைச் செய்து சோதித்துவிட்டேன். சாயங்காலம் ஆபீசில் பூஜை. கம்ப்யூட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர், மண்வெட்டி, சிங்காரவேலு அண்ணனின் அரிவாள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்கள். என் டிஸ்க்கை யாரும் கேட்கவில்லை. நானே எடுத்துப் போய்த் தாம்பாளத்தில் அரிவாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். தலைவர் மனைவி ஆனந்தவல்லி அம்மாவுக்குத் தாராளமான கை. எல்லாவற்றுக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். என் டிஸ்க்குக்கும் வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. மறுநாள் மேலாகத் துடைத்து டப்பாவில் போட்டேன். சுத்தமாகத் துடைக்க மனம் வரவில்லை. மற்றக் கருவிகளோடு சேர்த்து அதையும் ஊர் மதித்த அடையாளம் அல்லவா அது. அடுத்த ஒன்றாம் தேதி சோதிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஐப்பசி முதல் வாரத்தில் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் பெய்து, ஐந்தாம் நாள் காலை கொஞ்சம் வெறித்தது. பதினோரு மணிக்குச் சங்கக் கூட்டம், ஷைலஜாவும் வருகிறார், அன்றைக்கே கையெழுத்து. நான் பத்தரைக்கு ஆபீசுக்குப் போனேன். வழியில் கீழ்ப்பாலத்தில் மூன்று பேர் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். சிங்காரவேலு அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே, "என்ன டாக்டரே, பொட்டி சொகமா?" என்று கேட்டார். சுகம்தான் என்றேன்.

மேல் ஷட்டர் அன்று மாலை வரை தூக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அது என் கணக்கு. பத்து நாற்பதுக்கு நானூற்று நாற்பத்தாறு பைட்டையும் அழித்துவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. பத்து ஐம்பதுக்கெல்லாம் தலைவரும், ஆனந்தவல்லி அம்மாவும், ஷைலஜாவும், ஏழெட்டு விவசாயிகளும் வந்து சேர்ந்தார்கள். "கம்ப்யூட்டர் நின்னுடுச்சுங்க, பன்னெண்டு நிமிஷம் குடுங்க" என்றேன். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் அத்தனை நாள் தவித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை மேடம், நெஞ்சு நிறைந்துவிட்டது.

டிஸ்க்கைச் செருகினேன். கம்ப்யூட்டர் அதைக் காணவில்லை.

எடுத்து ஊதிச் செருகினேன். வேறு துளையில் செருகினேன். அப்புறம்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூடி இல்லாத வாய்க்குள் சந்தனம் புகுந்து காய்ந்து, நான்கு தங்கக் கம்பிகளின் மேலும் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. ஷைலஜா எட்டிப் பார்த்தார்.  

ஆனந்தவல்லி அம்மாவிடம் ஊக்கு கேட்டேன். தாலிச் சரட்டில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். அதன் முனையால் சுரண்டத் தொடங்கினேன். கம்பி கீறிவிடக்கூடாது, மெதுவாகத்தான் சுரண்ட முடியும். சுரண்டுவேன், செருகுவேன், காணாது, எடுப்பேன். விரல் வியர்த்து வழுக்கியது. நின்றுகொண்டே செய்தேன், உட்கார முடியவில்லை. வீட்டில் இன்னொரு டிஸ்க் பீரோவில் இருந்தது. வண்டியில் ஆள் அனுப்பினால் போக வரப் பத்து நிமிஷம். அனுப்பவில்லை. அனுப்பினால் இது வேலை செய்யவில்லை என்று ஆகிவிடும்.

பதினொன்று முப்பத்தொன்றுக்குக் கம்ப்யூட்டர் டிஸ்க்கைக் கண்டுகொண்டது. அதன் பிறகு எல்லாம் நான் எப்போதும் செய்கிற மாதிரிதான், மளமளவென்று நடந்தது. பதினொன்று நாற்பதுக்குக் கம்ப்யூட்டர் தன் சொந்தக் காலில் எழுந்து, உணர்கருவியைக் கேட்டு, நான் ஒன்றும் செய்யாமலே கீழ்ப்பாலத்தில் சங்கை ஊதவிட்டது. ஆபீசில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் ஓடினார்கள்.

வெள்ளம் வந்து ஏழெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. இரண்டு பேர் கரையோரப் பூவரச வேரைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். சங்குச் சத்தம் கேட்டு ஓடியவர்கள் அவர்களைத் தூக்கிவிட்டார்கள். சிங்காரவேலு அண்ணன் நடுக் கண்ணில் நின்று அறுத்துக்கொண்டிருந்தாராம். தாமரை மொத்தமாக அவர்மேல் சாய்ந்து அவரைப் பாலத்துக்கு அடியில் அழுத்திவிட்டது. மறுநாள் மத்தியானம்தான் எடுத்தார்கள். கையில் அரிவாள் அப்படியே இருந்தது, சந்தனம் மட்டும் போயிருந்தது.

துக்கத்துக்குப் போனேன். அண்ணன் மனைவி பிரகதீஸ்வரி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா மத்த ரெண்டு பேரும் போயிருப்பாங்க தம்பி. எங்க வீட்டுக்காரவுங்க எப்பவும் ஒங்களப் பத்தித்தான் பேசுவாங்க" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டு பேர் பிழைத்தது அந்தச் சங்கால்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தலைவர் எனக்குத் துண்டு போர்த்தினார். வாங்கிக்கொண்டேன்.

என் போனுக்கு வந்த அழைப்பைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். நீங்கள் பட்டியல் எடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பத்து ஐம்பத்திரண்டுக்குக் கபீரண்ணன் கூப்பிட்டார். "தம்பி, மூணு ஷட்டர் தூக்கியாச்சு. சங்கு ஊதிச்சா?" என்றார். டிஸ்க் கையில் இருந்தது, இன்னும் செருகவில்லை. நாற்பது நிமிஷம் இருக்கிறது, எனக்குப் பன்னிரண்டு போதும் என்று தோன்றியது. "ஊதிடும்ண்ணே" என்றேன்.

அதற்குப் பிறகு, ஊக்கால் சுரண்டிக்கொண்டிருந்தபோது, தலைவர் கேட்டார். "கீழ ஆள் எறங்கிருக்குய்யா. மேல தூக்கிட்டாங்களா என்ன? ஒருத்தன வண்டில அனுப்பிக் கரையேறச் சொல்லட்டுமா?" பதினொன்று ஐந்து இருக்கும். பாலம் ஆபீசிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். நான் நிமிராமலே, "இன்னும் தூக்கலைங்க. ரெண்டு நிமிஷம்" என்றேன்.

பதினொன்று இருபதுக்கு மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். ஒரு ஆளை வண்டியில் அனுப்பிக் கத்தவிட்டால் வேலை முடிந்துவிடும் என்றால், இத்தனை வருஷம் நான் செய்தது என்ன? ஷைலஜா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு சுரண்டல், இன்னும் ஒரு தடவை செருகினால் போதும் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றியது. சிங்காரவேலு அண்ணன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஊரிலேயே எனக்குப் பிடித்தவர் அவர்தான். அவரையும் நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன், வேறு யாரோ அல்ல.

கபீரண்ணன் அடுத்த நாள் வந்து கேட்டார். "தூக்கப் போறோம்னுதான் எனக்குக் கேட்டுச்சுண்ணே, லைன் சரியில்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பிவிட்டார். மற்றவர்களுக்கும் பழையபடி போன் போட்டிருக்க வேண்டும், தன்னால்தான் ஒரு உயிர் போச்சு என்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு நாகூரில் போய் உட்கார்ந்திருக்கிறாராம். அவர்மேல் தப்பில்லை என்று ஆள் விட்டுச் சொல்லுங்கள்.

உங்களுக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை, தெரியும். கேஸை மூடி இரண்டு வாரம் ஆகிவிட்டது. அப்படியே இருந்திருப்பேன். ஆனால் முந்தாநாள் சங்கத்து நோட்டீஸ் பலகையில் ஷைலஜாவின் அறிக்கையை ஒட்டியிருந்தார்கள். ஒன்றரைப் பக்கம். நாலாவது வரியில், 'முறையாகச் சோதிக்கப்படாத, பழுதான மீட்பு டிஸ்க்கே தாமதத்துக்குக் காரணம்' என்று இருந்தது. டீக்கடையில் அதை ஒருவர் சத்தமாகப் படித்தார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். இன்று காலை டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

முடிந்ததா? கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன்.

அழித்தது, சரி. போன் வந்தது, சரி. தலைவரிடம் இரண்டு தடவை பொய் சொன்னது, சரி. ஆள் இறங்கியிருப்பது தெரிந்தே சொன்னேன் என்பதும் சரிதான். கையெழுத்துப் போடுகிறேன், ஒரே ஒரு திருத்தம் மட்டும். மூன்றாம் பக்கத்தில் ஏட்டு 'பழுதான டிஸ்க்' என்று அடித்திருக்கிறார். அதில் பழுது எதுவும் இல்லை மேடம், உங்கள் கம்ப்யூட்டரிலேயே செருகிப் பாருங்கள், எழும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.